பஹ்ரைன் ரூமுக்கான ஃபார்மட்

பெமிலா ஒரு வேலையை முடித்தால் "முடிஞ்சுது" என்று சொல்வதில்லை. "பாத்தாச்சு" என்பாள். கல்யாண வீடியோவைக் கையில் கொடுக்கும் முன்பு, முதல் காட்சியிலிருந்து கடைசிவரை தானே உட்கார்ந்து ஓடவிடுவாள். மாப்பிள்ளையின் சித்தப்பா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புதுக்கடை சந்திப்பில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அவள் வீடியோ கடைக்கு வருகிறவர்கள், "பெமிலா பாத்துட்டாளா? பின்ன எடுத்துட்டுப் போவலாம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்குவார்கள்.

அவளுக்கு ஊர் இனயம் என்ற ஊருக்கு அடுத்த கடற்கரை. படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. அப்பாவுக்கு முதுகு போய், கேமராவைத் தோளில் வைக்க முடியாமல் ஆன வருடம் அது. கல்யாணச் சீசன் வேறு தொடங்கியிருந்தது. அவள் கேமராவை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மணமக்களுக்கு முன்னால் ஒரு பெண் பின்னோக்கி நடந்தபடியே படம் பிடிப்பதைப் பார்க்கவென்று முதலில் சிலர் கூடினார்கள். பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது.

தம்பி டெனிஷ் அப்போது அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தான். அவனை எஞ்சினியரிங் வரை கொண்டுபோனது அந்தக் கேமராதான். கடைக்கு யார் வந்தாலும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எனக்க தம்பி எஞ்சினியராக்கும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பெமிலாவுக்கு மற்றப் பேச்சு. திருவனந்தபுரத்தில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு அவன் கடைக்கே வந்து உட்கார்ந்தபோது, ஊரில் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவளுக்கு அது குறையாகப் படவில்லை. "அங்க அவனுக்கு மேல பத்து பேரு. இஞ்ச அவனுக்கு மேல நான் மட்டுந்தான்" என்று சிரித்தாள்.

ஊர்த் திருவிழாவையொட்டி கோயிலடி மைதானத்தில் கால்பந்தாட்டப் போட்டி நடக்கும். ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அவள் கணவன் சேசடிமையும் பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் வேலை செய்தான். "இங்க பந்து களி நடக்கும்போது அங்க கஞ்சி எறங்காது ஏட்டி" என்று அவன் சொன்னதைக் கேட்டுத்தான் பெமிலா போட்டியை நேரலையில் அனுப்பத் தொடங்கினாள். முதல் வருடம் எல்லாரும் போடுகிற பெரிய தளத்தில் போட்டாள். மைதானத்து ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியதற்காக, அதற்கு உரிமை இல்லை என்று பாதி ஆட்டத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு கிளப்பே சொந்தமாக ஒரு இணையப் பக்கம் எடுத்தது. இங்கிருந்து என்ன அனுப்புகிறோமோ அது அப்படியே, எந்த மாற்றமும் இல்லாமல், பார்க்கிறவன் போனுக்குப் போய்ச் சேரும்.

அங்கேதான் ஃபார்மட் சங்கதி வந்தது. கேமரா பிடிக்கிற படம் அப்படியே போக முடியாத அளவுக்குப் பெரியது. என்கோடர் என்ற பெட்டி அதைச் சுருக்கி அனுப்பும். பார்க்கிற போன் அதை விரிக்கும். கிளப் ஆட்கள் விளங்காமல் விழித்தபோது பெமிலா ஒருமுறை சொன்னாள்: "கருவாடு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. தண்ணிய எடுத்துட்டு பொட்டலம் கெட்டி அனுப்புதோம். அங்க சட்டியில போட்டா கொழம்பாவணும். சட்டிக்கு அந்தக் கருவாடு ஒத்துக்கிடலன்னா?"

சுருக்குவதற்கு இரண்டு வழி இருந்தது. எச் 264 பழையது; எந்த போனுக்கும் அது தெரியும். எச் 265 புதியது. அதே சிக்னலில் படம் கண்ணாடிபோல இருக்கும், ஆனால் பழைய போன்கள் அதை விரிக்கத் தெரியாமல் விழிக்கும். இரண்டையும் சேர்த்து அனுப்பலாமென்றால் கடற்கரையில் சிக்னல் தாங்காது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

முன்பு ஒருமுறை, டெனிஷ் பேச்சைக் கேட்டு அரையிறுதி ஆட்டத்துக்கு எச் 265 வைத்துப் பார்த்தாள். பஹ்ரைனில் சேசடிமையும் கூட்டாளிகளும் தங்கியிருந்த ரூமில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய பழைய போன் உண்டு. கட்டில்களுக்கு நடுவே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ரூம் போன் என்றுதான் அதற்குப் பெயர். அன்றைக்கு அதில் படம் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. வேலை முடிந்து குளிக்காமல்கூட ஓடிவந்த ஆண்கள், கறுப்புத் திரையைச் சுற்றி நின்று விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேசடிமை அழைத்துச் சொன்ன பிறகு, இடைவேளையில் அவள் பழையதற்கு மாற்றினாள். அன்றே ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த ரூமில் ஓடவேண்டும்.

அதற்கு அவள் கொடுத்த விலை எல்லார் கண்ணிலும் பட்டது. பந்தை உயரத் தூக்கி அடித்தால் அது வானத்தில் புகைபோலக் கரையும், கீழே வரும்போதுதான் திரும்பப் பந்தாகும். ஊர்ப் பையன்கள் கேலி செய்தார்கள். "பெமிலாக்கா பந்த முழுங்கிட்டா" என்பார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

இந்த வருடம் கிளப் புது என்கோடர் ஒன்று வாங்கியது. அதைக் கையாளப் போவது யார், எந்த ஃபார்மட் என்பதைக் கமிட்டி கூடிப் பேசும் என்று செயலாளர் கிளீட்டஸ் சொல்லியிருந்தார். யார் என்பதில் பெமிலாவுக்குச் சந்தேகமே இல்லை. ஊர்ப் பந்தாட்டத்தின் நேரலை என்பது அவள் பெயரோடு ஒட்டியது. ஃபார்மட் மட்டும்தான் பேச்சுக்கு உரியது என்று நினைத்தாள்.

பெட்டியைக் கடை மேசையில் வைத்து, அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். டெனிஷ் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"எக்கா, எச் 265 வச்சிரு. இந்தக் காலத்துல யாரு பழைய போன் வச்சிருக்கா?"

"ரூம் போன் இருக்குல்லா?"

"அந்த ரூம் போனுக்கு நீ கோயில் கெட்டிக் கும்பிடு."

"கும்பிடுவேன். உனக்க அத்தான் அதுலதான் பாக்குது."

டெனிஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கையில் இருந்த வயரைச் சுற்றி வைத்துவிட்டு, "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய் எக்கா" என்றான்.

இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்கிறவன் இல்லை அவன். பழைய நாளாக இருந்தால் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடுவான். பெமிலாவுக்கு அது பெருமையாகவே இருந்தது. தம்பிக்கு வயது வந்துவிட்டது, அக்கா சொல்வதில் ஒரு காரணம் இருக்கும் என்று விளங்கத் தொடங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

இருந்தாலும் அவள் பார்க்காமல் சொல்கிறவள் இல்லை. போன்கள் மாறியிருக்கலாம், ரூம் போனிலும் ஏதாவது புதுப்பித்திருக்கலாம். அன்று சாயங்காலமே சேசடிமையை அழைத்தாள். கேமராவைக் கடை ஜன்னல் வழியே சந்திப்பைப் பார்த்து வைத்து, முதலில் எச் 264 அனுப்பினாள்.

"படம் வருதா?"

"வருது, வருது. பஸ்ஸு போவுது."

பிறகு எச் 265-க்கு மாற்றினாள். "இப்பம் பாருங்க. ரூம் போன்லதானே பாக்குதிய?"

"ஆமா, அதுலதான்." கொஞ்சம் தயங்கினான். "கறுப்பா இருக்கு ஏட்டி. சத்தம் மட்டும் கேக்குது."

"நல்லா பாத்தியளா? மூடிட்டுத் திரும்பத் தொறந்து பாருங்க."

"பாத்தேம்டி. கறுப்புதான்."

அது போதும். பெமிலா எச் 264-ஐத் தேர்ந்தாள். அந்த ஃபார்மட்டுக்குள் எவ்வளவு தெளிவு பிழிய முடியுமோ அவ்வளவையும் பிழிய, அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தாள். படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, நொடிக்கு எவ்வளவு தகவல் போகலாம் என்ற பிட்ரேட்டைச் சிக்னல் தாங்கும்வரை கூட்டி, மைதானத்தில் சின்னப் பையன்கள் பந்து தட்டும்போது போய்ப் பிடித்துப் பார்த்து, திரும்ப மாற்றினாள். போன வருடத்தைவிடப் பந்து நன்றாகத் தெரிந்தது. "பாத்தாச்சு" என்று டெனிஷிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப் அறையில் கமிட்டி கூடியது. நல்ல சேலை கட்டிப் போயிருந்தாள். டெனிஷ் பின்வரிசையில் கதவோரம் உட்கார்ந்தான். முன்னால் வா என்று அவள் கையசைத்தாள். அவன் அங்கேயே இருந்தான்.

கிளீட்டஸ் நேராகக் கேட்டார்: "பெமிலா, பக்கத்து ஊருக் களியெல்லாம் இப்பம் லைவ்ல பாக்குதோம். பந்துல இருக்க தையல் தெரியுது. நமக்கு மட்டும் ஏன் பந்து புகையாட்டு போவுது?"

அவள் எழுந்து நின்று சொன்னாள். இரண்டு ஃபார்மட், பழைய போன், ரூம் போன், சிக்னல் எல்லாம் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "ஊருல இருக்கவன் மைதானத்துக்கே வந்துருவான். லைவ் யாருக்கு? கடலத் தாண்டி இருக்கவனுக்கு. அந்த ரூம்ல இருக்க அத்தன பேரும் கறுப்புப் படத்தப் பாக்கணுமா? இந்த வாரந்தான் செக் பண்ணினேன். நானே கேட்டுப் பாத்தாச்சு."

பின்னால் யாரோ கனைத்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பெமிலாவுக்கு விளங்கவில்லை.

கிளீட்டஸ் நல்ல மனிதர். அவளை இழுத்தடிக்க அவருக்கு மனமில்லை. "இரு, ஒருக்கா கேட்டுருவோம். எனக்க மச்சினனும் அதே ரூம்லதானே கெடக்கான்" என்று போனை எடுத்து வீடியோவில் அழைத்தார். ஸ்பீக்கரைத் திறந்து மேசைமேல் சாய்த்து வைத்தார்.

மறுமுனையில் மச்சினன் பனியனோடு கட்டிலில் இருந்தான். "என்ன மச்சான், எல்லாரும் கூடி நிக்கிறிய?"

"ஏலே, உங்க ரூம் போனக் கொஞ்சம் காட்டு. ஆணியில தொங்குமே."

"அதா?" அவன் சிரித்தான். "அது செத்து அடக்கம் பண்ணி எத்தன காலமாச்சு! ஆணிதான் இருக்கு, துண்டு காயப் போடுதோம். இப்பம் ஆளுக்கொரு போனுல்லா. டெனிஷ் சொல்லித் தந்த மாடல்தான் எல்லாரும் வாங்கினோம். பின்ன அவனுக்க லைவ் எப்பிடிப் பாக்கியது? படம் அவ்வளவு தெளிவு மச்சான். சேசடிமை அண்ணனுக்குத்தான் மொதல்ல வாங்கினது."

"அவனுக்க லைவா?" என்று பெமிலா கேட்டாள்.

அவள் குரல் அங்கே கேட்டிருக்க வேண்டும். மச்சினன் முகம் மாறியது. அவன் பின்னாலிருந்து, கட்டிலுக்கு அப்பால், அவளுக்கு மிகவும் பழகிய ஒரு குரல் பதறிக்கொண்டு வந்தது: "ஏலே, கட் பண்ணுலே! பெமிலா நிக்கா அங்க!"

அழைப்பு அறுந்தது.

கிளப் அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கோபமாவது கிடைத்திருக்கும். கிளீட்டஸ் மெதுவாகச் சொன்னார்: "குளச்சல் பக்கத்துக் களி, தூத்தூர் பக்கத்துக் களியெல்லாம் லைவ் போடுதது உனக்க தம்பிதானே பெமிலா. ஒரு வருசமா போடுதான். உனக்குத் தெரியும்னுல்லா நாங்க நெனச்சோம். ரெண்டு பேருமாச் சேந்து செய்யுதியோன்னு."

அவள் பின்வரிசையைப் பார்த்தாள். டெனிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிரோன் கேமரா வேலைக்கு என்று சொல்லிக் கூட்டாளிகளோடு ஞாயிறுதோறும் போனவன் அவன். அவன் பசியோடு திரும்புவானே என்று மீன் பொரித்து மூடி வைத்திருந்தவள் அவள்.

அவர்கள் என்ன முடிவு செய்யப் போகிறார்கள் என்பது தெளிவாகவே இருந்தது. என்கோடர் டெனிஷ் கையில், ஃபார்மட் எச் 265. கிளீட்டஸ் அதை வாய்விட்டுச் சொல்லும்வரை அவள் நின்றாள். "சரிதான். எல்லாருட்டயும் புது போன் இருந்தா எச் 265தான் நல்லது" என்றாள். அது உண்மையும்கூட. படியிறங்கி வெளியே வந்தாள்.

டெனிஷ் பின்னாலேயே ஓடிவந்தான். கிளப் சுவரோரம் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அங்கே அவள் நின்றாள்.

"எக்கா, உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் சொல்லல."

"இப்பம் சங்கடம் இல்லியா?"

"தனியா ஒண்ணு தொடங்கணும்னு எனக்கு ஆசை. உனக்கிட்ட கேட்டா நீ ஒருக்கா பாப்போம், ரெண்டு மட்டம் பாப்போம்னு வருசத்தத் தள்ளுவ."

"கேட்டியா?"

அவன் வலையில் ஒரு கண்ணியைப் பிடித்துத் திருகினான்.

"கேட்டியாலே? ஒரு நாளு கேட்டியா? நான் மாட்டேன்னு சொன்னதப் பாத்தியா?"

"இல்ல."

"கமிட்டிக்காரங்க உனக்கிட்டதான் குடுக்கப் போறாங்கன்னு முன்னமே தெரியுமா?"

டெனிஷ் காலால் மணலைத் தள்ளினான். "கிளீட்டஸ் அண்ணன் கேட்டாரு. அக்காதானே செய்யுதுன்னு சொன்னேன். கமிட்டியில வச்சுப் பேசுவோம்னாரு. நானா உன்னத் தள்ளிட்டு எடுத்தா நல்லா இருக்காதுல்லா. அவங்களே சொன்னா..."

"அதுக்குத்தான் எச் 264ன்னு நான் சொன்னதும் சரின்னு தலையாட்டினியா? நான் போயி அந்த ரூம் போனப் பத்தி எல்லாருக்க முன்னாலயும் நின்னு சொல்லட்டும்னு?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் பெமிலா ஒரு பொய்யைத் தேடினாள். ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால், இல்லை எக்கா அப்படி நினைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் நம்பியிருப்பாள். அவன் சொல்லவில்லை. அவள் வளர்த்த பிள்ளை, அந்த நேரம் பார்த்து உண்மையாக இருந்தான்.

மறுநாள் சேசடிமை பலமுறை அழைத்தான். கடைசியில் அவள் எடுத்தாள். அவன் நீளமாகச் சொல்லிக்கொண்டு போனான். சொல்ல வேண்டாமென்று டெனிஷ் கெஞ்சினான், சின்னப் பையன் முன்னுக்கு வரட்டுமே என்று நினைத்தேன், நீ வருத்தப்படுவாய், இந்த விடுமுறையில் வரும்போது நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். போன் வாங்கியதைச் சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும் என்று அதையும் மறைத்தேன் என்றான். பெமிலா எதையும் மறுத்துப் பேசவில்லை. அவன் ஓய்ந்ததும் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"அன்னைக்கு நான் எச் 265 மாத்திட்டு படம் வருதான்னு கேட்டப்பம், போன எடுத்துப் பாத்தியளா?"

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"பாக்கல" என்றான் சேசடிமை.

"பின்ன கறுப்பா இருக்குன்னு எப்பிடிச் சொன்னிய?"

"மொதல்ல ஒருக்கா கறுப்பாதானே இருந்துச்சு. அதையே சொல்லிட்டேன்."

"பஸ்ஸு போவுதுன்னு சொன்னியளே?"

"புதுக்கடை சந்திப்புல எப்பம் பஸ்ஸு போவாம இருந்துருக்கு ஏட்டி?"

வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பெமிலா சொன்னாள்: "எங்கிட்ட என்னத்த வேணும்னாலும் மறைச்சிருங்க. போன் வாங்கினத மறைங்க, அவன் லைவ் போடுதத மறைங்க. நான் படம் வருதான்னு கேக்கும்போது பாக்காமச் சொல்லலாமா? அந்தப் பதில நம்பியாக்கும் நான் ஒரு வாரம் உக்காந்தேன். அத நம்பியாக்கும் எழும்பி நின்னேன்."

போனை வைத்தாள்.

வீட்டில் டெனிஷுக்குச் சோறு எடுத்து வைத்தாள். கடைச் சாவி எப்போதும்போல ஆணியில் தொங்கியது. அவனிடம் பேச வேண்டியதைப் பேசினாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கடைக்கு வந்த ஒருவர் வழக்கம்போல, "தம்பி எஞ்சினியர் எங்க?" என்று கேட்டார். "வெளிய போயிருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

இறுதி ஆட்டத்தன்று ஊரே மைதானத்தில் இருந்தது. அவள் போகவில்லை. கடையில் ஒரு குழந்தையின் திருமுழுக்கு வீடியோவைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு போன் அடித்தது. டெனிஷ். பின்னால் செண்டை மேளம் இரைந்தது.

"எக்கா, எக்கா, கோவப்படாத. ஒரு உதவி. இங்க வெயிலுக்குத் திரையில ஒண்ணும் தெரியல. பஹ்ரைன்ல கேட்டா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொல்லுதாங்க. எது கேட்டாலும் நல்லா இருக்குங்காங்க. நீ ஒருக்கா பாத்துச் சொல்லு. படம் வருதா?"

பெமிலா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். சொல்வதற்கு ஒரு வார்த்தை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கறுப்பாக இருக்கிறது என்று சொன்னால் போதும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவன் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டு அலைவான். இந்தக் கரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்காமலே சொல்லிவிடலாம். அவளுக்கு அப்படிச் சொன்னவர்கள் இல்லையா?

அவள் கணினியில் பக்கத்தைத் திறந்தாள். படம் வந்தது. அணிகள் வரிசையாக நின்றன. கொடிமரத்துத் தோரணம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு பையன் பந்தை உயரத் தூக்கி அடித்தான், அது வானத்தில் பந்தாகவே போயிற்று. பழக்கம்போல முழுத் திரையில் வைத்துப் பார்த்தாள். மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

"வருது" என்றாள். "தெளிவா இருக்கு. ஆனா கேமரா வேகமாத் திரும்பும்போது எடது பக்கம் கட்டம் கட்டமா ஒடையுது. பிட்ரேட்ட ஒரு படி கூட்டு. சத்தம் படத்துக்குக் கொஞ்சம் முன்னால போவுது, அதையும் சரி பண்ணு."

"இப்பம்?"

காத்திருந்து, பார்த்து, "இப்பம் சரி" என்றாள்.

டெனிஷ் பெருமூச்சு விட்டது மேளத்தினூடேயும் கேட்டது. "எனக்கு நீதான் எக்கா. நீ பாத்துட்டா..."

"நீ கேட்ட, நான் பாத்துச் சொன்னேன்" என்றாள் பெமிலா. "இனி எங்கிட்ட கேக்காத."

மைதானத்தில் நடுவர் விசில் ஊதியது போனில் கேட்டது, சற்றுப் பின்னால் கணினியிலும் கேட்டது. அவள் போனை வைத்தாள், பக்கத்தை மூடினாள். திரையில் பாதியில் நின்றிருந்த திருமுழுக்குக் குழந்தையை முதலிலிருந்து ஓடவிட்டாள்.